கூரைக்குப் போன கட்டில்

தச்சர் எல்லாரும் ஒன்றுதான் என்று நினைப்பவர் சொந்தமாக வீடு கட்டிப் பார்க்காதவர். கட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் நாலு வகைத் தச்சர் வந்து போவார்கள். நாலு பேரும் ஒருவரை மற்றவர் தச்சர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் வருகிறவர் சென்ட்ரிங் தச்சர். காங்கிரீட் கொட்டுவதற்குப் பலகைகளை அடித்து, அடியில் கழிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவார். காங்கிரீட் இறுகியதும் அத்தனையையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடுத்தவர் கூரைத் தச்சர். உத்தரமும் சட்டமும் ஏற்றி, ஓடு தாங்க வைப்பவர். அதன்பின் நிலையும் கதவும் ஜன்னலும் செய்கிறவர். கடைசியில், சுவரெல்லாம் காய்ந்து வெள்ளையடித்த பிறகு, அலமாரி செய்கிறவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். முதலில் வருகிறவருக்குக் குடத்திலிருந்து தண்ணீர். கடைசியில் வருகிறவருக்குத் தட்டில் வைத்து டீ. மரியாதை அந்த வரிசையில்தான் ஏறும்.

நம் ஆள் முதல் வகை. முட்டுக் கொடுத்தே காலம் தள்ளியதால் அவருக்கு முட்டுக்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூட, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரிப்பார்.

அவர் கட்டிய வீடுகள் ஏராளம். ஆட்கள் குடியேறிய வீட்டைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். யாரோ ஒரு புண்ணியவான் கூப்பிட்டார் என்று போனார். போன இடத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு முறை சமையலறைக்குள் நுழைந்தார். பிறகு கூடத்தில் நின்று, சோபாவில் சாய்ந்திருந்த ஒரு பெரிய மனிதரைக் காட்டி, "இங்கதாங்க என் பெரிய முட்டு நின்னுச்சு," என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெரிய மனிதர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு எந்தக் குடிபுகுதலுக்கும் யாரும் முட்டுக்காரரைக் கூப்பிடவில்லை.

அவர் தலையெழுத்து, பெண் எடுத்த இடம் முழுக்க முழுக்கத் தச்சர் குடும்பம். மாமனார் கூரைத் தச்சர். மூத்த மச்சான் கதவுத் தச்சர். இளைய மச்சான் அலமாரித் தச்சர். மூத்தவர் பேச்சு எப்போதும் நேர்கோணத்தில் இருக்கும். யாராவது சுவரில் சாய்ந்து நின்றால்கூட அவருக்குப் பொறுக்காது. இளையவர் வேறு ரகம். எந்தக் கோணலையும் மேலே மைக்கா ஒட்டி மூடிவிடலாம் என்பது அவர் கொள்கை. அண்ணன் தம்பி இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. முட்டுக்காரர் தச்சரே இல்லை என்பதில் இருவரும் உடன்பிறப்புகள்தான்.

"மாப்ள, நீங்க செஞ்ச வேலை ஒண்ணையாவது காட்டுங்களேன், கண்ணாலதான் பாத்துக்கறோம்," என்பார் மூத்தவர்.

முட்டுக்காரர் சிரித்துவைப்பார். நான் பலகை பிடிக்காவிட்டால் உங்கள் நிலையை ஆகாயத்திலா நிறுத்துவீர்கள் என்ற அருமையான பதில் அவருக்குத் தோன்றும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றும். அவர் மனைவி அப்படியல்ல. "எங்க வீட்டுக்காரர் இல்லன்னா உங்க கதவு தெருவுலதான் நிக்கும் அண்ணே, ஆடுமாடு வந்து தட்டும்," என்று அங்கேயே கொடுத்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டு இவருக்கு. "ஏங்க, உங்களுக்கு வாயில பூட்டா போட்டிருக்கு? எல்லாத்துக்கும் நானே பேசணுமா?"

இப்படிப்பட்டவளுக்கு இந்த உலகத்தில் உயிர் என்று ஒன்று உண்டென்றால் அது அவள் அப்பா செய்த கட்டில்.

மாமனார் வாழ்நாளில் கூரையைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. மகள் கல்யாணத்துக்கு மட்டும், மகன்கள் இருவரும் உளியோடு நிற்க, "நகருங்கடா," என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். கூரைத் தச்சர் கட்டில் செய்தால் எப்படி இருக்கும்? கால் நாலும் தூண், சட்டம் நாலும் உத்தரம். அதன் மேல் ஓடு வேய்ந்தாலும் தாங்கும். நடுவே ஐந்து நீளப் பலகைகள், தேவைப்பட்டால் கழற்றி மாட்டிக்கொள்ளும்படி. வாடகை வீடு மாறும்போது அதைத் தூக்க ஒருமுறை வந்தவர்கள், மறுமுறை கூப்பிட்டால் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கிழவர் மகளைப் பார்த்து ஒருநாளும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டவரில்லை. கேட்காத அத்தனையையும் சேர்த்துத்தான் கட்டிலாக இழைத்துக் கொடுத்தார் என்று அவள் நம்பினாள். ஆகவே அதன் மேல் ஈரத்துண்டு போடக்கூடாது. உட்கார்ந்து நகம் வெட்டக்கூடாது. வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் அவள் அதைத் துடைப்பதைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாளோ என்று தோன்றும்.

வீடு வீடாகக் கட்டிக் கொடுத்தவர் ஒருவழியாகத் தனக்கும் ஒன்று கட்டத் தொடங்கினார். முன்கூடத்துக்கு மாமனார் கையால் ஓட்டுக்கூரை. நிலையும் கதவும் மூத்தவர். அலமாரி இளையவர். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் காங்கிரீட் தளம், அதற்குப் பலகை அடிப்பது முட்டுக்காரர். யாரும் யாரையும் கேட்காமல் பங்கு தானே பிரிந்துகொண்டது.

தளம் போடும் நாளும் குறித்தாயிற்று. தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று மனைவி துணைக்குப் போயிருந்தாள். திரும்பிவர ஒரு மாதமாவது ஆகும் என்று சொல்லியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் படுக்கையறைக்கு மேலே பலகை போதவில்லை. ஊருக்கெல்லாம் பலகை இரவல் கொடுத்தவர் தன் வீட்டுக்கு வரும்போது தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இரவல் வாங்கிய ஆள் போனையே எடுக்கவில்லை.

வெட்கத்தை விட்டு மூத்த மச்சானிடம் போனார். "மச்சான், ஒரு அஞ்சு பலகை கொடுங்க. காங்கிரீட் இறுகினதும் அப்படியே திருப்பித் தந்துடறேன்."

"எது, கதவுக்கு வச்சிருக்கற மரமா? பட்டுச்சேலையை எடுத்துத் தரை துடைக்கக் கேக்கறீங்களே மாப்ள!"

இளையவரிடம் போனார். "என்கிட்ட இருக்கறது பிளைவுட்டு மச்சான். அதுக்கு வெயில் ஆகாது, தண்ணி ஆகாது, நீங்களும் ஆகாது," என்று அவர் முடித்துவிட்டார்.

முட்டுக்காரர் வாடகை வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க, தான் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்பது மெல்ல உறைத்தது. எழுந்து கையால் அளந்து பார்த்தார். பலகை போதாமல் விழுந்த ஓட்டை சரியாக ஒரு கட்டில் அளவு.

இதில் அவரைத் திட்டுவதற்கு முன் அவர் பிழைப்பையும் பார்க்க வேண்டும். அவர் தொழிலில் எந்த மரமும் எங்கேயும் நிலையாகத் தங்குவதில்லை. போகும், வரும். பெண்டாட்டி வருவதற்குள் பலகை வந்துவிடும். கட்டிலுக்கும் தெரியாது, கட்டிலுக்குச் சொந்தக்காரிக்கும் தெரியாது. இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்து பலகைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கீழே கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சென்ட்ரிங் பலகையின் மேல், வண்டிப் பட்டறையில் வடித்த கறுப்பு ஆயிலைப் பூச வேண்டும். பூசினால்தான் காங்கிரீட் பலகையை விடும். பூசாவிட்டால் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொழிலின் அரிச்சுவடி இது. முட்டுக்காரர் எல்லாப் பலகைக்கும் பூசிக்கொண்டே வந்து, கட்டில் பலகைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். துணியைத் தோய்த்த கை அந்தரத்தில் நின்றது. மாமனார் இழைத்த மரம். மனைவி துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள். அதில் வண்டிக் கழிவைத் தேய்ப்பதா? கை வரவில்லை.

ஓடிப்போய் ஒரு பாலித்தீன் தாளைக் கொண்டுவந்து, படுக்கைக்கு விரிப்பு விரிப்பதுபோல் சுருக்கமில்லாமல் விரித்தார். நாலு பலகையோடு தாள் தீர்ந்துவிட்டது.

"முட்டுக்காரரே!" கீழேயிருந்து கொத்தனார் கத்தினார். "பலகைக்குத் தலைவாரிப் பொட்டு வச்சா அனுப்பப் போறீங்க? இங்க கலவை இறுகுது!"

ஒரு பலகைதானே என்று விட்டுவிட்டார். ஊர் முழுக்க எண்ணெய் பூசியவர், அந்த ஒன்றை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். காங்கிரீட் ஏறி மூடியது.

ஒரு மாதம் என்று போனவள் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டாள். தங்கையின் மாமியார் வந்து இறங்கியிருக்கிறார். ஓர் உறையில் இரண்டு கத்தி எங்கே இருக்கும்? பையைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று உள்ளே போனவள் கண்டது நாலு கால், நாலு சட்டம், நடுவே வெறும் தரை.

"ஏங்க, பலகை எங்க?"

"அது... பாலிஷ் போட உன் தம்பிகிட்ட கொடுத்திருக்கேன்."

அவள் அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். "எந்தக் கட்டில்?" என்று தம்பி கேட்டது அறை முழுக்கக் கேட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். முட்டுக்காரர் புளுகு ஒரு போன் மணிகூடத் தாங்கவில்லை.

பலகை போன இடம் தெரிந்து, மறுநாள் காலை குடும்பமே புதுவீட்டில் திரண்டது. முட்டுக் கழிகளுக்கு நடுவே எல்லாரும் குனிந்து குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தார்கள். கறுப்புப் பலகைகளுக்கு நடுவே ஐந்து பலகை மட்டும் கறுப்பு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. மாமனார் துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்தார். வெகுநேரம் மேலே பார்த்தார்.

"படுக்கறதுக்குன்னு செஞ்சேன். படுத்துத்தான் பாக்கறேன்," என்றார்.

"மாப்ள, இப்பவே கழட்டுங்க!" என்று மூத்தவர் சட்டைக் கையை மடித்தார்.

"இப்பக் கழட்டினா கட்டிலோட தளமும் சேந்து வரும் மச்சான். காங்கிரீட் இன்னும் இறுகல. அது இறுகற வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக மூன்று தச்சர்கள் அவர் வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். ஆனால் மனைவி வாசலைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டாள்.

"அஞ்சு பலகையும் முழுசா என் கைக்கு வரட்டும். வந்தாத்தான் இந்த வாசப்படியை மிதிப்பேன். இல்லன்னா இவர் மட்டும் வந்து இந்த முட்டுங்களோட குடித்தனம் நடத்தட்டும்."

சொல்லை அவள் காப்பாற்றினாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. பேச வேண்டியது இருந்தால் பாத்திரங்களிடம் பேசினாள். "ஏ தண்ணிக்குடமே, யாருக்காவது பசிச்சா சோறு அடுப்புலதான் இருக்குன்னு சொல்லு." படுக்கப் போனால், பலகையில்லாத கட்டிலின் நாலு சட்டத்துக்குள்ளே தரையில் பாயை விரித்து அதற்குள்தான் படுத்தாள். இவர் வெளியே கூடத்தில் சுருண்டு கிடந்தார்.

தினமும் காலையிலும் மாலையிலும் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். ஊற்றிவிட்டு உள்ளே வந்து அந்த ஐந்தாவது பலகையை அண்ணாந்து பார்ப்பார். எண்ணெய் பூசவில்லை என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒட்டியிருக்குமா, ஒட்டியிருக்காதா? பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இந்த வயதில் பெண்டாட்டி இல்லாத வீட்டுக்குத் தளம் போட்டு என்ன செய்வது என்று நிஜமாகவே கண் கலங்கினார்.

பிரிக்கும் நாள் வந்தது. எல்லாரும் வந்தார்கள். மனைவி மட்டும் சொன்ன சொல் தவறாமல் வாசப்படியை மிதிக்காமல், வெளியே நின்றபடி ஜன்னல் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

முட்டுகளைத் தட்டித் தட்டிச் சாய்த்தார். மற்ற பலகைகள் தடதடவென்று விழ, புழுதி கிளம்பியது. கட்டில் பலகைகளை மட்டும் விழவிடாமல் முக்காலியில் ஏறி நின்று மார்போடு அணைத்து இறக்கினார். ஒன்று. ஜன்னல் வழியாகப் போயிற்று. அவள் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். இரண்டு, மூன்று, நாலு. ஒரு கீறல் இல்லை. நாலாவதை வாங்கும்போது அவள் முகம் லேசாக இளகியதை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாவதைத் தட்டினார். அசையவில்லை. சுத்தியலால் ஓரத்தில் தட்டினார். அசையவில்லை. கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். கடைசியில் கம்பியிலேயே தொங்கினார். இரண்டு காலும் முக்காலியை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் ஆடின. பலகை உடும்புப் பிடி பிடித்திருந்தது. நெம்பிய இடத்தில் மரம் மெல்ல முனகியது.

"நிறுத்துங்க! பொளந்துடும்," என்றார் மாமனார். "மாப்ள, இதுக்கு எண்ணெய் பூசினீங்களா, இல்லையா?"

முட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க இழைச்ச பலகை மாமா. அது மேல எப்படி மாமா அந்தக் கறுப்பு ஆயிலைப் பூசறது? மனசு வரல."

கிழவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "தொழில்ல மரியாதை எல்லாம் பாக்கக்கூடாது மாப்ள," என்றார். ஆனால் குரலில் சூடு இல்லை.

மூத்தவர் உளியை எடுத்தார். "விடுங்க, நான் சுத்திலும் செதுக்கி நேரா எடுத்துடறேன்." இளையவர் குறுக்கே வந்தார். "செதுக்கினா மரம் போயிடும் அண்ணே. கீழ ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். "மேல ஏத்தினதை இறக்கி எனக்குப் பழக்கமில்ல," என்று சொல்லிவிட்டு மாமனார் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். முட்டுக்காரர் முக்காலியிலேயே, கம்பியைப் பிடித்தபடி, ஜன்னல் பக்கம் திரும்பத் தைரியமில்லாமல் நின்றார்.

திரும்பியபோது ஜன்னலில் தலையைக் காணவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தார்.

அவள் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் பலகைக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓரத்துப் பலகை. மெருகெல்லாம் போய் வெளுத்திருந்தது. வாரம் தவறாமல் அவள் துடைத்தும் பளபளப்பு ஏறாத ஒரே பலகை.

"இது நீங்க படுக்கற பக்கத்துப் பலகைதானே?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பாத்திரத்தை நடுவில் வைக்காமல் அவரிடமே கேட்டாள். "உங்க முதுகு வேர்வையில ஊறினது. அதான் இப்படி ஒட்டிக்கிச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மச்சான்கள் வாக்குவாதத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் அதைத் தொட வேண்டாம். அங்கயே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

"அப்பக் கட்டிலுக்கு?" என்றார் மூத்தவர்.

"இவர்கிட்ட இல்லாத பலகையா அண்ணே? ஒண்ணை இழைச்சுப் போட்டுக்கட்டும். குத்தினா இவருக்குத்தானே குத்தப்போகுது."

முட்டுக்காரருக்குப் பெண்டாட்டி பேசியதில் உயிர் வந்தது. உயிரோடு தொழில் ரோஷமும் சேர்ந்து வந்துவிட்டது. "அது எப்படிம்மா? இத்தனை வருஷத்துல எந்த வீட்டுலயும் ஒரு பலகையைக்கூட விட்டுட்டு நான் கிளம்பினதில்ல."

"கிளம்பி எங்க போகப்போறீங்க?" என்றாள் அவள். "இது நம்ம வீடுங்க."

முட்டுக்காரர் கையிலிருந்த கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முக்காலியின் மேலேயே சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தார்.